எமது ஒழுங்கையின் திட்டம் எமக்குத் தெரிய வேண்டாமா?



கடந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஹெந்தளையில் எமது சேமிப்புக் குழுவின் மாதாந்தக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வழமையாக முதல் ஆளாக வந்து பாய் விரித்து வைக்கும் அம்மா ஒருவர் அன்று கடைசியாக வந்தார். அவருடைய சொந்த இடம் முல்லைத்தீவு. இறுதி யுத்தத்தில் கணவரையும் மூத்த மகனையும் இழந்தவர். இளைய மகளின் படிப்புக்காகக் கொழும்புப் பக்கம் வந்து, ஹமில்டன் கால்வாய்க்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். வந்ததும் வராததுமாக, "மிஸ், எங்கட சுவரில சிவப்பு மையால நம்பர் போட்டிட்டுப் போட்டாங்கள்" என்றார்.

யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் நாடாவோடு வந்தார்களாம், அளந்தார்களாம், எழுதினார்களாம், போய்விட்டார்களாம். "நான் ஒண்டும் கேக்கேல்லை பிள்ளை. மெனிக்பாமில எங்கட கூடாரத்துக்கும் இப்பிடித்தான் நம்பர் போட்டவை. அதைக் கண்டவுடனை எனக்கு வாய் வரேல்லை."

கூட்டத்தில் இருந்த பன்னிரண்டு பெண்களும் அமைதியாகிவிட்டார்கள். அந்த ஒழுங்கையில் குடியிருக்கும் இன்னும் நான்கு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய சுவர்களிலும் இலக்கம் இருந்தது. இந்த மாதம் இதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். நாம் வாழும் இடத்தை என்ன செய்வது என்று யாரோ எங்கோ தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தில் எமக்கு இடம் உண்டா? வாடகைக்கு இருப்பவளுக்கு, இடம்பெயர்ந்து வந்தவளுக்கு இடம் உண்டா?

நான் செய்த பிழை

முதலில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு பகுதியில் வேலை செய்தபோது, ஓர் அலுவலகம் தாம் செய்யவிருந்த திட்டம் ஒன்றைப் பற்றி மக்களோடு கலந்துரையாடல் நடத்துவதாகச் சொன்னது. பெண்களை அழைத்து வரும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. நாற்பது பேர் வரையில் கூட்டிக்கொண்டு போனேன். சுவரில் படங்கள் காட்டினார்கள். எல்லா எழுத்தும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. தேநீரும் பணிஸும் தந்தார்கள். பிறகு ஒரு தாள் சுற்றி வந்தது. கையொப்பம் இடத் தயங்கியவர்களிடம், "சும்மா வரவுக்குத்தான், போடுங்கோ" என்று சொன்னவள் நான்தான்.

சில மாதங்கள் கழித்து அந்தத் தாள், மக்கள் திட்டத்துக்கு உடன்பட்டார்கள் என்பதற்கு அத்தாட்சியாகக் கோப்பில் இணைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். வந்திருந்த பெண்களில் ஒருவர் என்னிடம், "நீங்க சொன்னதாலதான் மிஸ் போட்டேன்" என்றார். அவர் சத்தம் போட்டு ஏசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திராது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் 'மக்கள் பங்கேற்பு' என்ற கேள்விக்குப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அமெரிக்காவைச் சேர்ந்த ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற பெண் 1969ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றை எல்லா மாணவரும் படிப்போம். மக்கள் பங்கேற்பை அவர் எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். கீழ்ப்படிகளில் மக்களை அழைத்து உட்கார வைப்பார்கள், ஆனால் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். நடுப்படிகளில் தகவல் சொல்வார்கள், கருத்தும் கேட்பார்கள், ஆனால் அதன்படி நடக்க வேண்டிய கட்டாயம் இருக்காது. மேல்படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரத்தில் மக்களுக்குப் பங்கு கிடைக்கும். இதையெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்திருந்தும், நாற்பது பெண்களை அந்த ஏணியின் அடிப்படியில் நிறுத்திவிட்டு நான் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அன்று முதல், நான் வாசித்து விளங்கிக்கொள்ளாத எந்தத் தாளிலும் எவரையும் கையொப்பம் இடச் சொல்வதில்லை.

ஹெந்தளை எங்கே இருக்கிறது?

வெளிமாவட்டங்களில் இருந்து வாசிக்கும் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து வடக்கே களனி கங்கையைக் கடந்தால் வத்தளை. அங்கிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் ஹெந்தளை. ஒரு புறம் கடல், மறுபுறம் வடக்கே நீர்கொழும்பு வரையில் நீளும் முத்துராஜவெல சதுப்பு நிலம், இடையில் ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கிய ஹமில்டன் கால்வாய். ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோய் வைத்தியசாலையும் இங்கேதான் இருக்கிறது. நோயாளர் நகரத்துக்குள் இருக்கக் கூடாது என்று ஆற்றுக்கு அப்பால் வைத்தார்கள்.

அன்று நோயாளரை வைத்தது போல, பிற்காலத்தில் நகரம் தனக்குப் பக்கத்தில் வைத்திருக்க விரும்பாத பலவற்றையும் இந்தப் பக்கம் வைத்தது. கெரவலப்பிட்டியவில் மின் நிலையம் வந்தது. எண்ணெய்க் களஞ்சியம் வந்தது. 2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை சதுப்பு நிலத்தின் ஊடாகத் திறக்கப்பட்டது. 2017இல் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்த பிறகு கொழும்பின் குப்பை கெரவலப்பிட்டியவுக்குத் திருப்பப்பட்டது. 2021இல் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையமும் அங்கே திறக்கப்பட்டது. இவற்றில் நாட்டுக்குத் தேவையானவை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மின்சாரமும் பாதையும் நாமும் பயன்படுத்துபவைதான். எந்த இடத்தில் வைப்பது, எப்படி வைப்பது, அந்த இடத்தில் வாழ்பவர் எங்கே போவது என்ற பேச்சில் அங்கே வாழ்பவரும் இருந்தார்களா என்பதே என் கேள்வி.

சதுப்பு நிலம் மழைநீரை வாங்கி வைத்திருந்து மெதுவாகக் கடலுக்கு விடுகிறது. அதை நிரப்பினால் அந்தத் தண்ணீர் வேறு இடம் தேடும். 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் களனி கங்கை பெருகியபோது, கரையோரத்துக் குடும்பங்கள் இதை அனுபவத்தில் கண்டன. எந்தக் கானில் தண்ணீர் முதலில் ஏறும், எந்த வீட்டு வாசலில் கடைசியாக வடியும் என்பதைப் பொறியியலாளரைவிட அந்த வீட்டில் சட்டி பானையை மேசைமேல் ஏற்றி வைத்த பெண் நன்றாக அறிவாள். அவளிடம் கேட்காமல் வரையும் வரைபடத்தில் ஏதோ ஒன்று விடுபட்டுத்தான் போகும்.

கேட்டுச் செய்த காலமும் இருந்தது

மக்களைக் கேட்டுச் செய்வது நடக்காத காரியம் என்று சிலர் சொல்வார்கள். எமது நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின் நகரப் பகுதியில், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை கொழும்பின் தோட்டங்களில் ஒரு முறையைக் கையாண்டது. அந்தந்தத் தோட்டத்தில் சமூக அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. குடியிருப்பாளரும் அதிகாரிகளும் இரண்டு நாட்கள் ஒன்றாக உட்கார்ந்து, எங்கே பாதை, எங்கே குழாய், எங்கே மலசலகூடம், யாருக்கு எந்தத் துண்டு நிலம் என்று பேசி முடிவு செய்தார்கள். கிணறு, கான் போன்ற சிறு வேலைகளை வெளிக் கொந்தராத்துகாரரிடம் கொடுக்காமல் அந்தச் சபைகளிடமே கொடுத்தார்கள். இந்த முறையைப் பிற நாட்டவர் வந்து பார்த்துப் படித்துப் போனார்கள். அந்தக் குடியிருப்புகளில் பெண்கள் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து சேமித்ததில் இருந்துதான் 'பெண்கள் வங்கி' என்று இன்று அறியப்படும் கூட்டுறவு வளர்ந்து 1991இல் பதிவானது.

பிறகு காலம் மாறியது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. கொழும்பில் வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழும் ஏறக்குறைய 68,000 குடும்பங்களைத் தொடர்மாடி வீடுகளுக்கு மாற்றும் திட்டம் தொடங்கியது. அதே 2010 மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. தொடர்மாடிக்குப் போன பலர் தண்ணீரும் மலசலகூடமும் வீட்டுக்குள் கிடைத்ததை நன்மையாகவே சொல்கிறார்கள். ஆனால் பத்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட தொகையை வருடக் கணக்காகக் கட்ட வேண்டி வந்ததையும், வாசலில் அப்பம் சுட்டு விற்றவளுக்குப் பன்னிரண்டாம் மாடியில் வியாபாரம் இல்லாமல் போனதையும் அவர்களே சொல்கிறார்கள். முன்கூட்டியே கேட்டிருந்தால், அப்பக்காரிக்குக் கீழ்த்தளத்தில் ஓர் இடம் ஒதுக்குவது பெரிய செலவாக இருந்திருக்காது.

கேட்காமல் விட்டதன் விலை மீதொட்டமுல்லயில் உயிராக இருந்தது. குப்பைமேட்டுக்கு அருகில் வாழ்ந்த மக்கள் பல வருடங்களாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள், மனுக் கொடுத்தார்கள், வீதியில் நின்றார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பு அன்று அந்த மேடு வீடுகள் மேல் சரிந்தது. 32 பேர் இறந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் எல்லா இடத்திலும் எமக்கு எதிரானது அல்ல. தெரிந்துகொண்டால் பிடித்து ஏறலாம். தெரியாவிட்டால் அது அலுமாரிக்குள் இருக்கும்.

தெற்கு அதிவேகப் பாதை அமைக்கப்பட்ட போது நடந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு வழித்தடத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்து அனுமதி பெற்றார்கள். பிறகு சில இடங்களில் பாதை விலகி, வேறு ஆட்களின் வீடு வளவுகளுக்கு ஊடாகப் போனது. அந்த ஆட்களை எவரும் விசாரிக்கவில்லை. அவர்களில் சிலர் நீதிமன்றம் போனார்கள். 2004இல் உயர் நீதிமன்றம், பாதிக்கப்படப் போகிறவர்களுக்குத் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தராதது பிழை என்று கூறி நட்டஈடு வழங்கப் பணித்தது. பாதை நிற்கவில்லை. 2011இல் அது திறக்கப்பட்டது. ஆனாலும் 'உங்களைக் கேட்டிருக்க வேண்டும்' என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்ன அந்த வார்த்தை இன்றும் எமக்குத் துணை.

பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்பது தேசிய சுற்றாடல் சட்டம். அந்த அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் மூன்று மொழிகளிலும் அறிவிக்க வேண்டும். பொதுமக்கள் எவரும் 30 நாட்களுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். காணி உறுதி கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை.

காணியை அரசாங்கம் எடுப்பது 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தல் சட்டத்தின்படி. முதலில் 2ஆம் பிரிவின் கீழ் ஓர் அறிவித்தல் வரும். அப்போது அளக்க வருவார்கள். அடுத்தது 4ஆம் பிரிவின் அறிவித்தல். அதில் ஆட்சேபனை தெரிவிக்க ஆகக் குறைந்தது 14 நாட்கள் தர வேண்டும். 7ஆம் பிரிவின் அறிவித்தல் நட்டஈடு கோருவதற்கானது. எந்தக் கடதாசி வந்தாலும் முதலில் அதன் பிரிவு இலக்கத்தையும் திகதியையும் பாருங்கள். நாள் தவறினால் நியாயமும் தவறிவிடும்.

இந்தச் சட்டத்தில் எமது சகோதரிகளைப் பாதிக்கும் ஓர் இடம் இருக்கிறது. காணியில் உரித்துள்ளவர் யார் என்று சொல்லும் இடத்தில், மாத வாடகைக்கு இருப்பவரைச் சட்டம் சேர்க்கவில்லை. முல்லைத்தீவு அம்மா போன்றவர்கள் இந்தச் சட்டத்தின் கண்ணில் படமாட்டார்கள். ஆனால் 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கை ஒன்று உண்டு. திட்டங்களால் விருப்பமின்றி இடம்பெயர வேண்டியவர்களைப் பற்றியது அது. உறுதி இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும், பாதிக்கப்படுவோருக்கு முழு விபரமும் சொல்லி அவர்களோடு கலந்து பேச வேண்டும் என்று அது கூறுகிறது. கொள்கை சட்டத்தைப் போலக் கட்டாயமானது அல்ல என்பது உண்மைதான். ஆனால் ஓர் அதிகாரியின் மேசையில் அந்தக் கொள்கையின் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது பதில் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எமது பக்கத்திலேயே அண்மையில் நடந்த ஒன்றும் நினைவில் இருக்கட்டும். 2021 அக்டோபரில் முத்துராஜவெல நிலங்களை நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ் கொண்டுவரும் வர்த்தமானி வெளிவந்தபோது, சுற்றுவட்டார மக்கள் கூடிப் பேசினார்கள், கையொப்பம் சேர்த்தார்கள். கொழும்புப் பேராயர் உட்படப் பலர் நீதிமன்றத்தை நாடினார்கள். வர்த்தமானி என்பது யாரும் வாசிக்காத தாள் என்று நினைத்திருந்த எங்கள் பெண்கள், அந்த நாட்களில்தான் அந்தச் சொல்லையே பழகினார்கள்.

வடக்கில் பெண்கள் காட்டிய வழி

"நாங்க வாடகைக்கு இருக்கிறவங்க தானே மிஸ், எங்க பேச்சை யாரு கேப்பாங்க?" என்று கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார். அதற்கு முல்லைத்தீவு அம்மாவே பதில் சொன்னார். கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்புப் பெண்களை அவருக்குத் தெரியும். 2017 ஜனவரி முடிவில் விமானப்படை முகாம் வாசலில் பிள்ளைகளோடு உட்கார்ந்தவர்கள், இரவும் பனியும் பாராமல் ஒரு மாதம் அங்கேயே சமைத்து அங்கேயே படுத்து, மார்ச் 1ஆம் திகதி தங்கள் காணிக்குள் கால் வைத்தார்கள். 2018 ஏப்ரல் 23ஆம் திகதி இரணைதீவு மக்கள் ஒரு வருடம் வரையில் போராடிய பின் படகுகளில் ஏறித் தங்கள் தீவுக்குத் தாங்களே போனார்கள். அங்கேயும் பெண்கள் முன்னால் நின்றார்கள்.

"அவையளுக்கு அது சொந்தக் காணி, எங்களுக்கு இது வாடகை வீடு. ஆனா எங்கட நம்பரை நாங்கள்தானே கேக்க வேணும்" என்றார் அந்த அம்மா. சுவரைக் கண்டு வாய் வராமல் போனவர்தான் அன்று கூட்டத்தில் இதைச் சொன்னார்.

நாங்கள் என்ன செய்தோம்?

முதல் வேலையாக ஒழுங்கையில் இருந்த எல்லா வீட்டுக்கும் போனோம். தமிழ் வீடு, சிங்கள வீடு, முஸ்லிம் வீடு என்று பார்க்கவில்லை. சுவரில் இலக்கம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. சொந்த வீட்டுக்காரரான ஒரு சிங்கள அக்கா, தேவாலயத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர், தானும் வருவதாகச் சொன்னார். பதினொரு பேராக அலுவலகத்துக்குப் போனோம். தனியாகப் போனால் 'பிறகு வாருங்கள்' என்பார்கள். பதினொரு பேருக்கு உட்காரக் கதிரை தேட வேண்டும்.

கால்வாய்க் கரையை அளக்கும் வேலைக்காக இலக்கம் போடப்பட்டது, இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றார்கள். வரைபடத்தைக் காட்டச் சொன்னோம். காட்ட முடியாது என்றார்கள். அங்கேயே தகவல் அலுவலர் யார் என்று கேட்டு, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்தோம். 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் காரணம் கேட்கக் கூடாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். வடக்கு கிழக்குக்கு வெளியிலும் தமிழில் அரச அலுவல்களைச் செய்வதற்கு அரசியலமைப்பில் உரிமை உண்டு என்பதால், விண்ணப்பத்தைத் தமிழில் எழுதித் தமிழில் பதில் கேட்டோம்.

பதில் வந்தது. கொஞ்சம் பிந்தி வந்தது. கடிதம் தமிழில் இருந்தது, வரைபடம் சிங்களத்தில் இருந்தது. சிங்கள அக்கா வாசித்துச் சொல்ல, மண்டபத்துத் தரையில் வெண்கட்டியால் எங்கள் ஒழுங்கையை நாங்களே பெரிதாக வரைந்தோம். இரண்டையும் ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. ஒன்பது குடும்பங்கள் தண்ணீர் எடுக்கும் பொதுக் குழாய் அவர்களுடைய வரைபடத்தில் இல்லை. பிள்ளைகள் பெரிய வீதிக்குப் போகாமல் பாடசாலைக்கு நடக்கும் குறுக்குப் பாதை இல்லை. ஒரு கூரையின் கீழ் இரண்டு, மூன்று வாடகைக் குடும்பங்கள் இருந்த வீடுகள் ஒரே குடும்பமாகக் கணக்கிடப்பட்டிருந்தன. குடும்பத் தலைவர் என்ற இடத்தில், இறந்துபோன கணவரின் பெயரும் ஒரு வீட்டுக்கு எழுதப்பட்டிருந்தது.

வெண்கட்டியால் வரைந்ததைத் தாளில் பிரதி செய்து, ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்ற விபரத்தோடு கடிதம் எழுதினோம். கடிதத்தின் அடியில் கையொப்பம் இட்டவர்கள் எல்லோருக்கும் முதலில் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்துக் காட்டினோம். 'இது எமது வேண்டுகோள், எந்தத் திட்டத்துக்கும் சம்மதம் அல்ல' என்று கடைசி வரியில் எழுதச் சொன்னது நான்தான். அந்த வரியை எழுதும்போது பழைய தாள் என் கண்ணுக்குள் நின்றது.

இரண்டு மாதம் கழித்து ஓர் அதிகாரி நேரில் வந்து எங்களோடு ஒழுங்கை முழுவதும் நடந்தார். குழாயைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், வாடகைக் குடும்பங்களைத் தனித்தனியாகக் கணக்கெடுக்கச் சொன்னார். கரை அகலப்படுத்தப்படுமா, எந்த வீடுகள் போகும் என்ற முடிவு இதை எழுதும்வரை வரவில்லை. வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்று கணக்கில் இருக்கின்றன என்று மட்டும் சொல்லலாம்.

உங்கள் ஊரில்

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் என்ற முறையைத் தொடங்கினார்கள். மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊராட்சிகளிடம் கொடுத்து, கிராம சபையில் மக்கள் கூடி எது வேண்டும் என்று சொல்ல வைத்தார்கள். பெண்களுக்கான வேலைகளுக்குப் பத்து வீதம் ஒதுக்க வேண்டும் என்றார்கள். அப்படி ஒரு முறை இங்கே வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன.

உங்கள் பிரதேச சபையில் உங்கள் வட்டாரத்தின் உறுப்பினர் யார் என்று அறிந்துகொள்ளுங்கள். 2018இல் நடந்த தேர்தலில் இருந்து உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு உண்டு. 2025 மே மாதத் தேர்தலிலும் பெண்கள் தெரிவாகி வந்திருக்கிறார்கள். அவர்களைச் சந்தியுங்கள். சபையின் வரவு செலவுத் திட்டம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். கிராம சேவகர் அலுவலகத்தின் அறிவித்தல் பலகையை மாதம் ஒரு முறையாவது குழுவில் ஒருவர் வாசித்து வந்து சொல்லட்டும். வாடகைப் பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல், பிள்ளையின் பாடசாலைக் கடிதம் என்று உங்கள் பெயரும் விலாசமும் உள்ள எல்லாத் தாளையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். வெள்ளம் வந்தால் சட்டி பானைக்கு முன் அந்த உறையை எடுங்கள். கணவர் இறந்திருந்தால், காணாமல் போயிருந்தால், குடும்பத் தலைவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

விளங்காத தாளில் கையொப்பம் இடாதீர்கள். என்னைப் போன்ற ஒருத்தி வந்து "சும்மா வரவுக்குத்தான்" என்று சொன்னாலும் இடாதீர்கள். முதலில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

போன கிழமை முல்லைத்தீவு அம்மாவின் வீட்டுக்குப் போனேன். பெருநாளுக்கு முன் வீட்டுக்காரர் எல்லாச் சுவருக்கும் வெள்ளை அடித்திருந்தார். அந்த இலக்கம் இருந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. ஏன் அதை விட்டார்கள் என்று கேட்டேன்.

"நான்தான் அடிக்க வேண்டாம் எண்டு சொன்னனான். என்ன முடிவெண்டு எழுத்தில தரட்டும். பிறகு நானே அடிப்பன்" என்றார்.

அந்த முடிவு வந்ததும் உங்களுக்கும் எழுதுகிறேன். உங்கள் ஒழுங்கையில் என்ன நடக்கிறது என்று நீங்களும் எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.